கீழ்ப்பிடிக்காரனின் கிளிப்பு

முதல்லயே சொல்லிடறேன், என் தலையில ஒத்த முடி கிடையாது. முப்பது வயசுல கிளம்பிப் போனது, திரும்பிக்கூடப் பார்க்கல. எங்க கம்பெனியில எனக்கு மொட்டைன்னுதான் பேரு. அதனால பொறாமையில பேசறேன்னோ, முடிக்கு ஏங்கிப் பேசறேன்னோ யாரும் நினைக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது என் கூட்டாளியைப் பத்தி. அவனுக்குப் பேரு கிளிப்பு.

வீடு மாத்தறவங்க சாமானை லாரியில ஏத்தி, புது வீட்டுல இறக்கி வெக்கிற கம்பெனி எங்களுது. நானும் அவனும் லோடுமேன். ஒன்பது வருஷமா ஜோடி. பெரிய சாமானைப் படியில இறக்கணும்னா ரெண்டு பேர் வேணும். மேல நிக்கிறவன் வழி சொல்லுவான், சாமான் ஆடாம பார்த்துப்பான். கீழ நிக்கிறவன் பாரத்தை வாங்கிட்டு, பின்பக்கமாவே ஒவ்வொரு படியா இறங்குவான். முக்கால்வாசி எடை அவன் மேலதான். நான் மேல்பிடி, அவன் கீழ்ப்பிடி.

அவன் முடி முதுகுப் பாதி வரைக்கும் வரும். காலையில வந்ததும் லாரிக் கண்ணாடி முன்னாடி நின்னு, முடியை முறுக்கிச் சுருட்டி, பின்னால பெரிய பல்லு வெச்ச கிளட்ச் கிளிப் ஒண்ணு போடுவான். காதுக்கு மேல ரெண்டு பக்கமும் ஸ்லைடு. வெயில் காலம்னா நெத்தியில துணி ஹேர்பேண்டு. சும்மா கையில கிடைச்சதைப் போடற ஆள் இல்ல, கலர் பார்த்துத்தான் வாங்குவான். ஃபேன்சி ஸ்டோர்ல, "வீட்டுல அவங்களுக்கா அண்ணா?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா, "இல்லம்மா, எனக்குத்தான். அந்தக் கரும்பச்சையை எடு, கொஞ்சம் பெருசா இருக்கணும்"னு சொல்லுவான். பக்கத்துல நிக்கிற எனக்குத்தான் ஆரம்பத்துல காது சூடாகும்.

ஆமா, நானும் ஒரு காலத்துல சிரிச்சவன்தான். ஜோடி சேர்ந்த முதல் வாரம், "வீட்டுல யாருப்பா தாலி கட்டினது, நீயா அவங்களா?"ன்னு கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவன் கோபப்படல. "நீ வேணா அவளையே கேட்டுக்கோ, நம்பர் தரேன்"னான். அவன் பொண்டாட்டி லாண்டரியில இஸ்திரி போடற பொம்பளை, வாயைத் திறந்தா ஆளையே கிழிச்சுடும். நான் போன் பண்ணலைன்னு சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கேள்வியை இப்ப நினைச்சாலும் எனக்குக் கேவலமா இருக்கு.

அவன் கதை பெருசா ஒண்ணும் இல்ல. அப்பா மாசம் தவறாம கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஒட்ட வெட்டி விடுவாராம். வேலைக்குப் போக ஆரம்பிச்ச வருஷம் ஒரு மாசம் சலூன் பக்கம் போகல. அடுத்த மாசமும் போகல. அவ்வளவுதான். அதுக்கப்புறம் மூணு வேலை போச்சு. ஓட்டல்ல ரூம் சர்வீஸ், அடுக்குமாடியில வாட்ச்மேன், ஒரு கடை வேன்ல டிரைவர். மூணு இடத்துலயும் ஒரே பேச்சு: வெட்டிட்டு வா, இல்ல வராதே. மூணு இடத்துலயும் அவன் வரலைன்னுட்டான்.

ஊர்ல எல்லாரும் அவனுக்காகக் காரணம் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. காதல் தோல்வின்னாங்க, சினிமா ஆசைன்னாங்க, ஜோசியக்காரன் சொன்னான்னாங்க. நானும் என் பங்குக்கு ஒண்ணு வெச்சிருந்தேன். எவனாவது கிண்டல் பண்ணினா, "டேய், அவன் ஒத்தை ஆளா ஃப்ரிட்ஜைத் தூக்குவான், உன்னால முடியுமா? அவன்தான்டா ஆம்பளை"ன்னு எகிறுவேன். ஒருநாள் அவன் என்னைத் தனியா கூப்பிட்டு, "இனிமே அப்படிச் சொல்லாதே. நாளைக்கு என் முதுகு போயிடுச்சுன்னா நான் கிளிப் போடக் கூடாதா?"ன்னு கேட்டான். அன்னியோட அந்தப் பேச்சை விட்டுட்டேன்.

எங்க முதலாளியம்மா அவனை வேலைக்கு எடுத்தப்போ தோளை மட்டும்தான் பார்த்தாங்க. அவங்களே புருஷனோட சேர்ந்து மூட்டை தூக்கி மேல வந்தவங்க. ஆனா தொழில்னு வந்தா தொழில்தானே. "பொம்பளைங்க இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு ஆளை அனுப்பறீங்களே"ன்னு ரெண்டு வீட்டுலேருந்து புகார் வந்துடுச்சு. "மூணாவது வந்தா உன்னை நான் வெச்சுக்க முடியாதுப்பா, இப்பவே சொல்லிட்டேன்"னாங்க. அவனுக்கு நாற்பத்திரண்டு வயசு. பொண்ணு பத்தாவது படிக்குது. இந்த வேலையும் போச்சுன்னா, அந்த வயசுல, அந்தத் தலையோட, எவன் கூப்பிட்டு உட்கார வெப்பான்?

அந்த மூணாவது வீடுதான் ஆபீசர் வீடு. பெரிய கம்பெனியில பெரிய ஆள். அடுத்த மாசம் அவங்க ஆளுங்க அறுபது குடும்பம் இடம் மாறப் போகுது, அந்த வேலை யாருக்குன்னு முடிவு பண்றது அவர்தான். "இன்னிக்கு மட்டும் ஒரு சொல்லு வரக் கூடாது, புரியுதா?"ன்னு முதலாளியம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னாங்க. என் வாய் அப்படி.

மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாசல்லயே ஆபீசர் கிளிப்பை ஏற இறங்கப் பார்த்தார். "என்னப்பா, இப்ப லேடீஸ் எல்லாம் லோடு தூக்க வர்றாங்களா?"ன்னார். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். கிளிப்பு டேப்பை எடுத்து படித் திருப்பத்தை அளந்துட்டிருந்தான். பெட்டிங்க இறங்கிச்சு, கட்டில் இறங்கிச்சு, சோபா இறங்கிச்சு. கடைசியா தேக்கு பீரோ. கழட்ட முடியாத பழைய ஒரே பீஸ், எப்படியும் நூத்தி இருபது கிலோ இருக்கும். ஆபீசர் அந்த நேரம் கார்ல எதையோ வெக்கக் கீழ போயிருந்தார். அவர் சம்சாரம் மேல வீட்டுல.

ரெண்டாவது மாடித் திருப்பத்துக்கு ரெண்டு படி இருக்கு. நான் மேல, கிளிப்பு கீழ, முதுகைக் கீழ் பக்கம் காட்டிட்டு இறங்கறான். ஆபீசர் கீழேருந்து ஏறி வந்தார். அவன் பின்னந்தலை அவர் மூஞ்சிக்கு நேரா.

"யோவ், இந்தக் கருமத்தைக் கழட்டிட்டுத் தூக்கக் கூடாதா? எதிர் வீட்டுல எல்லாம் பார்க்கறாங்க. என் வீட்டு சாமானை இப்படி ஒருத்தன் தூக்கிட்டுப் போனா எனக்குத்தான் அசிங்கம்."

"ரெண்டு கையும் பாரத்துல இருக்கு சார். கொஞ்சம் ஒதுங்குங்க"ன்னான் கிளிப்பு.

"நானே கழட்டறேன்"னு சொல்லி, அந்த மனுஷன் கையை நீட்டி அவன் தலையிலேருந்து கிளிப்பைப் புடுங்கிட்டார்.

எங்க தொழில்ல ஒரு சட்டம் உண்டு, எவனும் எழுதி வெக்காதது. பாரத்துல இருக்கிறவனைத் தொடக் கூடாது. ஈ உட்கார்ந்தாலும் அவனா கேட்காம தட்டி விடக் கூடாது. இவர் புடுங்கின வேகத்துல முடி மொத்தமும் அவிழ்ந்து முகத்துல விழுந்துச்சு. ஒரு கால் அந்தரத்துல. நூத்தி இருபது கிலோ நெஞ்சுல. கண்ணு தெரியல.

"மொட்டை, அசையாதே"ன்னான். "எத்தனை படி?"

"ரெண்டு. ரெண்டுதான்டா. வலது காலை வை. இன்னும் கொஞ்சம். ஆங், படி. இப்ப இடது. அவ்வளவுதான், தளம், தளம் வந்தாச்சு."

கண்ணு தெரியாமலே, என் வாயை நம்பி, பீரோவைத் திருப்பத்துல இறக்கி வெச்சான். அது சுவத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவுல கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. நானும் ஆபீசர் சம்சாரமும் மேல் பக்கம், ஆபீசரும் அவனும் கீழ்ப் பக்கம். பூனைகூட தாண்ட முடியாது. நான் கைப்பிடி மேல கவிழ்ந்து எட்டிப் பார்த்தேன்.

கிளிப்பு முடியை ஒதுக்கி, கையை நீட்டினான். "கிளிப்பு சார்."

"முதல்ல ஆம்பளையா லட்சணமா வெட்டிட்டு வா, அப்புறம் தரேன்."

கிளிப்பு அப்படியே படியில உட்கார்ந்துட்டான். ஆபீசர் கத்தினார், குதிச்சார், முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, "உங்க ஆளு நட்ட நடுவுல வேலையை நிறுத்திட்டான்"னார். இருபது நிமிஷத்துல ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சு. முதலாளியம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாங்க. அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் மேலேருந்து, "பாரத்துல இருக்கும்போது புடுங்கினாரும்மா! கண்ணு தெரியாம ரெண்டு படி இறங்கினான்மா!"ன்னு கத்திட்டேன். அவங்க முகம் ஒரு நொடி இறுகிச்சு. அப்புறம் அந்த அறுபது வீடு ஞாபகம் வந்திருக்கணும். ஆபீசர் பக்கம் திரும்பினாங்க.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவனுக்குத் தலையில ஆபரேஷன் தழும்பு. பார்க்கறவங்க பயந்துடுவாங்கன்னு முடியை வளர்த்து மறைச்சிருக்கான். பாவம் சார்."

ஆபீசர் மூஞ்சி அப்படியே இளகிடுச்சு. "அடடா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா. நான் என்னமோ ஏதோன்னு நினைச்சுட்டேன். இந்தா"ன்னு கிளிப்பை நீட்டினார்.

முடிஞ்சுது. அவன் செய்ய வேண்டியது ஒண்ணும் இல்ல, வாயை மூடிட்டு வாங்கிக்கிட்டாப் போதும். வேலை தப்பிச்சுது, அறுபது வீடும் தப்பிச்சுது. வாங்கிக்கடா, வாங்கித் தொலைடான்னு நான் மனசுக்குள்ள அடிச்சுக்கறேன். உண்மையைச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு அவன் மானத்தைவிட அவன் சம்பளம்தான் பெருசாத் தெரிஞ்சுது.

அவன் எழுந்து நின்னான். ரெண்டு கையாலயும் முடியை நடுவுல பிரிச்சு, தலையைக் குனிஞ்சு காட்டினான்.

"பாருங்க சார். தழும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு, வளர்க்கறேன். கிளிப்பும் பிடிச்சிருக்கு, போடறேன். இன்னிக்குத் தழும்புன்னு சொல்லி இதை வாங்கிட்டா, தழும்பு இல்லாதவன் போடக் கூடாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஆபீசர் மூஞ்சி சிவந்து போச்சு. "திமிரா? என்கிட்டயே திமிரா?"ன்னு கையில இருந்த கிளிப்பைப் படியில வீசி அடிச்சார். "இவன் உங்க கம்பெனியில இருந்தா அறுபது வீடும் வேற ஆளுக்குப் போகும். இப்பவே சொல்லுங்க."

முதலாளியம்மா சமாதானம் பண்ற மாதிரி அந்தக் கிளிப்பை எடுக்கக் குனிஞ்சாங்க.

"நீங்க எடுக்காதீங்கம்மா"ன்னான் கிளிப்பு. குரல் உயரல. "போட்டவர் எடுக்கட்டும்."

குனிஞ்சவங்க அப்படியே நின்னாங்க. அப்புறம் வெறுங்கையோட நிமிர்ந்தாங்க.

"எடுத்துக் குடுங்க சார்."

"யோசிச்சுப் பேசறீங்களா?"

"யோசிச்சாச்சு சார்."

அதுக்குள்ள, சத்தம் கேட்டு இறங்கி வந்து என் பக்கத்துல நின்ன ஆபீசர் சம்சாரம் பொறுமை போய்க் கத்தினாங்க. "வீட்டுல குடிக்கத் தண்ணி இல்ல, உட்கார நாற்காலி இல்ல, பீரோ நடுவழியில நிக்குது! செஞ்சது நீங்க, எடுத்துக் குடுத்துத் தொலைங்களேன்!" எனக்கு அந்தம்மா காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்துச்சு.

ஆபீசர் குனிஞ்சார். வயிறு இடிக்க, முட்டி சொடக்கு விட, குனிஞ்சு எடுத்தார். நீட்டினார். கிளிப்பு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான், "தேங்க்ஸ் சார்"னான். நக்கல் இல்ல, நிஜமாவே சொன்னான். ஒரு பல்லு உடைஞ்சிருந்துச்சு. ஊதித் துடைச்சு, நிதானமா முடியை முறுக்கி, சுருட்டி, எல்லாரும் பார்க்கப் பார்க்கப் போட்டுக்கிட்டான். அவசரமே படல. அப்புறம் குனிஞ்சு பீரோவைப் பிடிச்சான்.

"மொட்டை, மேல்பிடி. தூக்கு."

சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பினப்போ முதலாளியம்மா போனைக் கையில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. "அறுபது வீடும் போச்சு"ன்னாங்க. கிளிப்பு ஒரு அடி முன்னாடி போனான்.

"நான் நின்னுக்கறேன்மா. உங்களுக்கு என்னால கஷ்டம் வேண்டாம். ஆனா வெட்ட மாட்டேன்."

"யாருடா உன்னை வெட்டச் சொன்னது?" அவங்க போனை மேஜையில போட்டாங்க. "நீ நின்னுட்டா நாளைக்குப் பியானோ இறக்கணுமே, உங்கப்பனா வந்து தூக்குவான்? காலையில ஆறு மணி. லேட்டா வந்தே, அப்ப தெரியும் சேதி."

அவன் தலையை ஆட்டிட்டுத் திரும்பினான். வாசல் வரைக்கும் போயிட்டான்.

"இந்தாப்பா, நில்லு. தழும்புன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. உன்னைப் பாவப்பட்டவனா ஆக்கிட்டேன். தப்பு என் மேலதான்."

அவன் சரிம்மான்னு சொன்னான். நான் அங்கேயே, டிரைவர், மத்த லோடுமேனுங்க எல்லாரும் பார்க்க, ஓன்னு அழுதுட்டேன். "என்னடா மொட்டை, பொம்பளை மாதிரி அழறே"ன்னு ஒருத்தன் சிரிச்சான். ஆமாடா, அழறேன், உனக்கென்னன்னு கேட்டேன்.