பத்தொன்பது வரை வேகமாக

அந்தக் கல்லூரியில் இளங்கலை மட்டும்தான் உண்டு. முதுகலையும் கிடையாது, ஆராய்ச்சியும் கிடையாது. அதனால் வேதியியல் துறைக்குப் பேராசிரியர் எடுக்கும்போது, வந்தவர் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார் என்று ஒரு தடவை எண்ணிவிட்டுத் தாள்களை ஓரமாக வைத்துவிடுவார்கள். உண்மையான தேர்வு ஆய்வகத்தில்தான். முதலாண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேர், ஆறு மேசை, நாற்பத்தைந்து நிமிடம். என்ன சோதனை என்பது அன்று காலை எட்டரைக்குத்தான் தெரியும். தேர்வுக் குழுவினர் ஐந்து பேரும் பின்சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பு முடியும்வரை வாய் திறக்க மாட்டார்கள்.

சொட்டு மிஸ் அங்கே ஒன்பது வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்தவர். ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். அந்தப் பெயர் மாணவர்கள் வைத்தது. அளவு குறித்த கண்ணாடிக் குழலான பியூரெட்டின் குழாயைத் திருகி நிற்கும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் வந்து, "சொட்டு, சொட்டு, ஒரே ஒரு சொட்டு" என்று சொல்லிக்கொண்டே போவார். முதல் வருடம் பெயரைக் கேட்டுக் கோபப்பட்டார். மூன்றாம் வருடத்திலிருந்து யாராவது உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பினார்.

இந்த வருடம் அந்த இடத்தை நிரந்தரப் பணியாக அறிவித்துவிட்டார்கள். அவருக்கு வயது நாற்பத்து மூன்று, விண்ணப்பிக்க உச்ச வரம்பு நாற்பத்தைந்து. வேறொருவர் தேர்வானால் தற்காலிக இடமே இருக்காது. ஆகவே தன் நாற்காலிக்குத் தானே மனுப் போட வேண்டியதாயிற்று.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். விண்ணப்பத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார்.

"ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தின பிறகு இப்பத்தான் பொண்ணு பார்க்க வர்றாங்களாக்கும்."

"பார்த்துட்டுப் பிடிக்கலைன்னு சொன்னா என்னம்மா பண்ணுவ?" என்றாள் எட்டாவது படிக்கும் மகள்.

"உனக்குப் பாடம் சொல்லிக் குடுப்பேன்."

"அப்ப உனக்கே அந்த வேலை கிடைக்கட்டும்."

நேர்காணல் நாள் காலையில் சொட்டு மிஸ் முதலில் ஸ்டோர் அறைக்குத்தான் போனார். அங்கே கரைசல்களைத் தயாரிப்பவர் ஸ்டோர் அண்ணன். இருபத்தாறு வருட அனுபவம். தினமும் ஊர்க்கதை பேசாமல் ஒரு பாட்டிலைக்கூட எடுத்துக் கொடுக்காத மனிதர், அன்று ட்ரேயைத் தள்ளிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னண்ணே, இன்னிக்குப் பேச்சே காணோம்?"

"பேசினா எதையாவது உளறுவேன். போங்க மேடம், நேரமாகுது."

தனக்காகப் பதற்றப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் நகர்ந்தார்.

சோதனை, அமிலத்தையும் காரத்தையும் சேர்த்து அளவு காண்பது. கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் அளந்து விட்ட இருபது மில்லி அமிலம், அதில் இரண்டு சொட்டு நிறங்காட்டி. மேலே பியூரெட்டில் காரம். காரம் இறங்க இறங்க ஓர் இடத்தில் குடுவையில் வெளிர் ரோஜா நிறம் வந்து நிலைக்கும். அந்த நொடியில் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். அந்த இடம் எங்கே வரும் என்று தெரியாததால், முதலில் வேகமாக ஒரு தடவை விட்டுத் தோராய அளவு பார்ப்பது முறை. பிறகுதான் நிதானமாகச் செய்ய வேண்டும்.

சொட்டு மிஸ் நிம்மதியானார். இதை அவர் நூறு தடவையாவது நடத்தியிருப்பார். ஸ்டோரில் வருடா வருடம் ஒரே அளவில்தான் கரைப்பார்கள். பத்தொன்பது புள்ளி ஆறில் நிறம் மாறும். பரம்பரைச் சொத்து மாதிரி மூத்த மாணவர்களின் நோட்டிலிருந்து இளையவர்களின் நோட்டுக்கு அந்த எண் இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் பதினைந்து நிமிடம் அருமையாகப் போயிற்று. பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். கடைசி மேசைப் பையன் பதில் சொன்னான். ஊற்றிய புனலை எடுக்காமல் விட்டிருந்த மேசையைப் பார்த்து, "அது என்ன, குடை பிடிச்சு நிக்குதா?" என்றார். சிரித்தார்கள். பின்சுவர் ஸ்டூல்களில்கூட ஒருவர் சிரித்தார்.

பிறகு அவர் சொன்னார்: "பத்தொன்பது வரைக்கும் வேகமா விடலாம். அதுக்கப்புறம் சொட்டு சொட்டா."

மூன்று நிமிடம் கழித்து முதல் மேசைக்குப் போனார். குடுவை வெளிர் ரோஜாவாக இல்லை. மையைக் கொட்டியதுபோல் அடர்ந்து கிடந்தது. பக்கத்தில் நோட்டில் அழகான கையெழுத்தில் 19.6 என்று எழுதியிருந்தது.

"எல்லாம் கரெக்டா வந்துருச்சு மிஸ்," என்றான் அந்தப் பையன்.

அடுத்த மேசையிலும் அதே அடர் நிறம். மூன்றாவது மேசையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி குழாயில் கை வைத்தபடி குழம்பி நின்றாள்.

"பதினேழு தாண்டினதுமே கலர் வந்துருச்சு மிஸ். ஆனா நீங்க பத்தொன்பதுன்னு சொன்னீங்க. அதான் இன்னும் விட்டேன்."

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இன்றைக்குக் கரைசலின் அளவை மாற்றியிருக்கிறார்கள். ஸ்டோர் அண்ணனின் மௌனமும் புரிந்தது. மற்ற மேசைகளையும் சுற்றிப் பார்த்தார். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் கண்ணை நம்பி நிறுத்தவில்லை. நிறத்தைப் பார்த்தவளும் தன் பேச்சைக் கேட்டுத் தாண்டிப் போயிருக்கிறாள்.

கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் மிச்சம். கிடைத்த அளவுகளில் ஒன்றைப் பலகையில் எழுதிக் கணக்கைப் போட்டால் வகுப்பு முழுசாக முடிந்துவிடும். பின்னால் இருப்பவர்களுக்குக் குடுவையின் நிறம் அவ்வளவு தூரத்தில் எந்த அளவுக்குத் தெரியும் என்றும் ஒரு கணம் யோசித்தார்.

"எல்லாரும் நிறுத்துங்க," என்றார். "குடுவையைக் கொட்டிக் கழுவுங்க. எழுதினதை அடிச்சிருங்க, அழிக்க வேண்டாம். தப்பு என்னோடது. எந்த எண்ணும் உங்களுக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. முதல்ல தோராயமா ஒரு தடவை பாருங்க. கலர் வந்தா நிறுத்துங்க, யார் என்ன சொன்னாலும் சரி."

"நீங்க சொன்னாலுமா மிஸ்?" என்றான் முதல் மேசை.

"முக்கியமா நான் சொன்னா."

மணி அடித்தபோது ஒவ்வொரு மேசையிலும் ஒரு தோராய அளவும் ஒரு சரியான அளவும்தான் இருந்தன. ஒத்துப்போகிற மூன்று அளவுகள் வேண்டும். கணக்கைத் தொடவே இல்லை. பலகையில் 'முடியவில்லை' என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

நேர்காணல் அறையில், வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியை முதலில் கேட்டார்.

"முதல்லயே தோராயமா பார்க்கச் சொல்லியிருந்தா இது நடந்திருக்காது, இல்லையா?"

"ஆமா மேடம்."

"நேரம் போதாதுன்னு விட்டுட்டீங்களா?"

இரக்கத்தோடு திறந்துவிட்ட கதவு அது. ஆமாம் என்றால் போதும். சொட்டு மிஸ் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம். நேரம் இருந்துச்சு. ஆறு வருஷமாவே நான் அதைச் செய்யச் சொல்றதில்லை."

எழுதிக்கொண்டிருந்த துறைத் தலைவர் நிமிர்ந்தார். "ஆறு வருஷமாவா?"

"ஆமா சார். எண் எல்லாருக்கும் தெரியும். அதுல மிச்சமாகுற நேரத்துல கணக்கு சொல்லிக் குடுத்தேன். நல்லா மார்க் வாங்கினாங்க."

"அப்ப அந்தப் பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்க?"

"எண்ணைப் பார்த்து நிறுத்தக் கத்துக்கிட்டாங்க. நிறத்தைப் பார்த்து நிறுத்தக் கத்துக்கலை."

அதற்குமேல் யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது கணவர் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆறு வருஷம்னு யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை."

"பின்ன?"

"நேரம் போதலைன்னு சொன்னா பொய்யாயிருக்கும்."

"சின்னப் பொய்."

"சின்னதுதான்."

இரண்டு நாள் கணவர் அவசியத்துக்கு மட்டும் பேசினார். மூன்றாம் நாள், தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் வேண்டும் என்று போர்டு வைத்திருப்பதாகத் தகவல் கொண்டுவந்தார். அது சமாதானம் என்று புரிந்துகொண்டு, சொட்டு மிஸ் அந்த நம்பரை எழுதி வைத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். அவருக்கு முகவுரை வராது.

"உங்களைத்தான் எடுத்திருக்காங்க. நாலுக்கு ஒண்ணு."

"என்னோட நேர்காணலுக்கு வந்த அந்தப் பையன் ரொம்ப நல்லாப் பண்ணினதாச் சொன்னாங்களே சார்?"

"மூணு அளவும் ஒத்துப்போச்சு. ஆனா மூணு மேசையில பிள்ளைங்க கையிலேருந்து குழாயைப் பிடுங்கி அவரே பண்ணினாரு." பேனாவை மூடி வைத்தார். "எதிர்த்துப் போட்ட ஒண்ணு என்னோடது. வேற யார்கிட்டயாவது கேள்விப்படறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

"சரி சார்."

"அந்த நோட்டெல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு. ஆறு வருஷம். வரிசையா ஒரே எண். நான் ஒரு நோட்டைக்கூட ஒழுங்காப் பிரிச்சுப் பார்க்கலை. அன்னிக்கு உங்க மேல வந்த கோபத்துல எவ்வளவு எனக்குச் சேர வேண்டியதுன்னு இன்னும் பிரிச்சுப் பார்க்க முடியலை."

துறைத் தலைவர் நியமனத் தாளை எடுத்து வைத்தார்.

"குழு ஒரு நிபந்தனை போட்டிருக்கு. இந்தப் பருவம் முதலாண்டு லேப் உங்களுக்கு இல்லை. இருக்கிற பதினாலு சோதனையையும் நீங்க முதல்ல பண்ணணும். கரைசல் என்ன அளவுன்னு தெரியாம. அதை வச்சு லேப் புத்தகத்தைப் புதுசா எழுதணும்."

"எப்ப ஆரம்பிக்கட்டும்?"

"சனிக்கிழமை."

சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் அவரும் ஸ்டோர் அண்ணனும் மட்டும் இருந்தார்கள். ஒட்டுச்சீட்டு இல்லாத இரண்டு பாட்டில்களை அண்ணன் மேசையில் வைத்தார். சொட்டு மிஸ் ஒரு தோராய அளவும் மூன்று சரியான அளவுகளும் எடுத்து, கணக்குப் போட்டு, தாளை நீட்டினார். ஸ்டோர் அண்ணன் சட்டைப் பையிலிருந்த துண்டுக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சரியாண்ணே?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா எவ்வளவு?"

அவர் காகிதத்தை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"இன்னொரு தடவை பண்ணுங்க மேடம். எனக்கு ஒரு மணி வரைக்கும் டியூட்டி இருக்கு."

சொட்டு மிஸ் பிப்பெட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.