மல்லிகைக்கு மேல் மஞ்சள்

சண்டை தொடங்கியபின் ஓவியர் குஞ்சித்தம்பிக்கு வேலைக்குக் குறைவில்லை. ஊரில் சாவுக்குக் குறைவிருந்தால்தானே. அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுவார்கள். அதைப் பெரிதாக வரைந்து, கழுத்தில் மல்லிகை மாலையும் தீட்டிக் கொடுப்பார். அலுத்துப்போன கை அது.

கொக்கட்டிச்சோலை விவசாயிகளும் அடையாள அட்டைப் படத்தோடுதான் வந்தார்கள். படத்தில் இருந்தவர் நெல் ஆராய்ச்சியாளர் நல்லரத்தினம். உப்பேறிய வயல் வட்டையிலும் விளையும் நெல்லைக் கொடுத்தவர். ஓய்வுபெறும் நாளில் அவருக்கு இந்தப் படத்தைப் பரிசளிக்கப் போகிறார்களாம்.

முடிந்த படத்தைப் பார்க்க நல்லரத்தினமே வந்து நின்றார். அவர் மூச்சு விடுவதைக் கண்டபிறகுதான் குஞ்சித்தம்பி தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் மாலை.

"ஐயோ ஐயா, கை தன்பாட்டில போட்டுட்டு. இப்பவே அழிச்சிடுறன்."

நல்லரத்தினம் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"அழிக்க வேணாம். வயலுக்குப் போறதெண்டா இன்னும் ரெண்டு ஆமிச் சென்றி தாண்டித்தானே போகணும். மேலால நெற்கதிரா மாத்தி விடுங்க. தேவைப்படுற நாளில திரும்பப் பூவாக்கலாம்."

குஞ்சித்தம்பி மஞ்சளைக் குழைத்தார். மெல்லிசாகத்தான் பூசினார்.