தொட்டிக்கு உடைத்த தேங்காய்

நிலவறையில் நெடுநாள் மடிந்து கிடந்ததன் புழுக்க நாற்றமும் வெயிலில் சூடேறிய ரப்பர் வாசனையும் ஒன்றாய்க் கலந்து, எங்கள் வீட்டுப் பின்புறப் புல்தரையில் விரித்துப் போட்டிருந்த அந்த நீலப் பிளாஸ்டிக்கிலிருந்து எழுந்துகொண்டிருந்தன. பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் யாரோ ஒரு குடும்பம் வேண்டாமென்று கழித்துவிட்ட நீச்சல் தொட்டி அது. இரும்புக் குழாய்க் கால்களில் தரைக்கு மேலே எழும்பி நிற்கும். நான் அதை நோர்வேஜியச் சொல்லால் "பசெங்" என்பேன். அம்மாவுக்கு அது "தண்ணித்தொட்டி"தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கியதும் வகுப்போடு ஏரிக்குப் போய் நீந்துவார்கள். ரொம்மன் பள்ளியில் என்னோடு படித்தவர்கள் எல்லாரும் போனார்கள், நான் மட்டும் போனதில்லை. "நீந்தத் தெரியாமல் ஏரிப்பக்கம் போகேலாது, சொல்லிப்போட்டன்" என்பது அம்மாவின் தீர்ப்பு. இந்த முறையும் வீட்டில் இருந்தால் என் மானமே போய்விடும் என்று நான் அழுது பிடித்த அடத்துக்குத்தான் அந்தத் தொட்டி வந்தது. இதில் பகிடி என்னவென்றால், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அப்பா வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வருடக்கணக்காகக் கடலைப் பார்த்தபடி மீன் வெட்டியவர். ஒருநாளாவது அதில் காலை நனைத்தவர் அல்லர்.

குழாய்களைப் பொருத்தித் தொட்டியைப் பூட்டி முடித்ததும், புதுக் காருக்குச் செய்வதுபோல இதற்கும் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார் அம்மா. அப்பா வாசற்படிக் கல்லை நோக்கி நடந்தார். "அங்கை உடைச்சால் அது வீட்டுக்கெல்லோ உடைச்ச மாதிரி? தொட்டியிலை உடையுங்கோ!" என்று மறித்தார் அம்மா. அப்பாவும் கற்பூரம் கொளுத்தி, மூன்று முறை சுற்றி, காலும் மேல்வளையமும் சேரும் இரும்பு மூட்டில் ஓங்கிப் போட்டார் ஒரு போடு. தேங்காய் கச்சிதமாக இரண்டாய்ப் பிளந்தது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு திருப்தி!

தண்ணீர் என் நாடி வரை நின்றது. நான் பயத்தில் விளிம்பை விட்டுக் கையெடுக்கவே இல்லை; அம்மாவோ ஆழத்துக்குப் பயந்து உள்ளே இறங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு வாரம் போயிருக்கும். காலையில் பார்த்தால் அந்த மூட்டடியில் கால் நெளிந்து, தொட்டிச் சுவர் பிள்ளைத்தாச்சியின் வயிறு மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்கிறது; தண்ணீர் வழிந்து புல்லெல்லாம் சேறு.

"கண்ணூறு! உது கண்ணூறுதான்!" அம்மாவின் சந்தேகம் நேரே அடுத்த வீட்டுக் கோயம்புத்தூர் மல்லிகா அக்கா மேல் போனது. முந்தின நாள்தான் அவர் வேலிக்கு அப்பால் நின்று "சூப்பரா இருக்குங்க!" என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போயிருந்தார், பாவம். அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுக்க உள்ளே ஓட, அப்பா குனிந்து மூட்டைத் தடவினார். அங்கே ஆழமாக ஒரு நசுங்கல். அதன் பிளவில் ஒரு தேங்காய்த் தும்பு.

"இஞ்சை வாரும். ஒருத்தரும் கண்ணூறு வைக்கேல்லை. நாங்கள் உடைச்ச தேங்காய்தான்" என்றார்.

அம்மா தும்பைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கையிலிருந்த மிளகாயைப் பார்த்தார். பிறகு சேற்றிலேயே குந்திவிட்டார், சிரிப்புத் தாங்காமல். எனக்கோ ஏரி கைநழுவிப்போன ஆத்திரம். குளறி அழுதேன்.

அப்பா நீரை வடித்து, நெளிந்த காலைச் சுத்தியலால் நிமிர்த்தி, முறிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல் இரு பக்கமும் பலகை வைத்து இறுக்கி, லொறியில் சாமான் கட்டும் பட்டியொன்றைத் தொட்டியைச் சுற்றிப் பூட்டினார். "அரைவாசிக்கு மேலை தண்ணி விடப்படாது. விட்டால் வெடிக்கும்" என்றார்.

அந்த அரைவாசித் தண்ணீர்தான் அம்மாவை உள்ளே இறக்கியது. பழைய சுடிதாரோடு இறங்கி, குளிரில் "ஐயோ அம்மா!" என்று கத்தி, முழங்காலில் நின்று, என் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தார். தனக்குத் தெரியாத வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: "தவளை மாதிரிக் காலை அடி. பயப்பிடாதை, நான் பிடிச்சிருக்கிறன்." வேலைக்குப் போய் வந்த களைப்போடு, மழை தூறிய நாட்களிலும் இறங்கினார். பள்ளி திறப்பதற்குச் சற்று முன், அவருடைய கை இல்லாமலே நான் தொட்டியின் மறுகரையைத் தொட்டேன்.

ஏரிக்குப் போனேன். நீந்தினேன். கரையில் தடித்த ஜாக்கெட்டோடு நின்ற அம்மா, வகுப்பு முழுவதும் கேட்க, "நீந்தினது காணும், இனி வா!" என்று கத்தியது வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அந்த வரிசை வீட்டை விற்றாயிற்று. தொட்டி நின்ற இடத்தில் இப்போது சைக்கிள் கொட்டகை. அப்பாவும் இல்லை. அம்மா மட்டும் கிழமைக்கு ஒருமுறை, பெண்களுக்கான நேரத்தில், நீச்சல் மண்டபத்துக்கு என்னோடு வருகிறார்; ஆழமில்லாத பக்கத்தில் இறங்கி, வெறுமனே நிற்கிறார். அங்கே பயிற்சி வகுப்பு இருக்கிறது, பழகுங்களேன் என்று போன வாரம் கேட்டேன்.

"எனக்கு நீச்சலிலை ஆசையில்லை, பிள்ளை" என்றார். "அண்டைக்கு உன்னைத் தாங்கினபடி தண்ணிக்குள்ளை நிண்டனான். அப்பிடி இன்னொருக்கா நிக்கத்தான் வாறனான்."