குற்றாலத்துக்குக் கொண்டுபோன பதினோரு சொற்கள்

சனிக்கிழமை காலை 7.10. மதுரை மாட்டுத்தாவணியில் தென்காசி பஸ் ஏறினேன். தூரம் சுமார் 160 கிலோமீட்டர், டிக்கெட் 140 ரூபாய். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு பை, சட்டைப் பையில் பதினோரு ஆங்கிலச் சொற்கள்.

ஆனி மாதத்தில் எல்லாரும் குளிக்கத்தான் குற்றாலம் போவார்கள். நான் கூட்டம் பார்க்கப் போனேன். திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வயது முப்பத்தொன்பது. வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். எழுத்து, வாசிப்பு எல்லாம் தேறிவிட்டேன். பேச்சில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வினேன். மூன்றாவது முறை வருகிற திங்கட்கிழமை, மதுரையில். நாற்பது வயதைத் தாண்டினால் அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். எனக்கு இதுதான் கடைசி பஸ்.

போன முறை கேட்டது, கூட்டமான ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. பயிற்சி மையத்தில் ‘நிறைந்த’ என்ற பொருளுக்கென்று ஒரு பட்டியலே கொடுத்திருந்தார்கள்: கிரவுடட், பேக்டு, ஜாம்-பேக்டு, கிராம்டு, சாக்-எ-பிளாக் என்று பதினொன்று. ஒன்றையும் விடக்கூடாது என்று, எங்கள் ஊர் பஸ் நிலையம் ஒன்றின் தலையிலேயே பதினொன்றையும் வரிசையாக இறக்கினேன். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதி வளர்ந்தவன் வேறென்ன செய்வேன்? ஏழாவது சொல்லில் தேர்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தக் கதையைப் போனில் கேட்ட நண்பன் ஷாகுல், "ஏலே, கூட்டத்தப் பாக்காமலே கூட்டத்தப் பத்திப் பேசுனா அப்படித்தான். சீசன் நல்லா இருக்கு. இங்கன வா, ஒவ்வொரு வார்த்தையா எதுல ஒட்டுதுன்னு பாப்போம்" என்றான். முன்பு எங்கள் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவன், இப்போது துபாயில் லாரி ஓட்டுகிறான், விடுமுறையில் மேலகரத்தில் இருக்கிறான்.

11.25, தென்காசி. புளியங்குடி தாண்டும்போதே வெயில் மங்கிவிட்டது. தென்காசியில் இறங்கினால் காற்றிலேயே ஈரம். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டும் இருந்தது. மேலகரம் போக ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். உள்ளே ஏற்கெனவே ஏழு பேர். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணாச்சி, அந்தப் பைய மடியில வச்சிக்கிடுங்க. இன்னும் ரெண்டு பேரு வாராவ" என்றார்.

"எங்கே உட்காருவார்கள்?"

"அதெல்லாம் உக்காந்துக்கிடுவாவ. சாரல்ல குளிரும்லா, நெருங்கி இருந்தா நல்லதுதான்."

உட்கார்ந்தும் விட்டார்கள். என் முழங்கால் யாருடைய இடுப்பிலோ, என் பை யாருடைய மடியிலோ. கிராம்டு என்று மனதுக்குள் ஒரு டிக் போட்டேன். மற்ற பத்தும் இந்த ஆட்டோவுக்கு வேண்டாம் என்று அப்போதே தெரிந்தது.

மாலை 3.00. ஷாகுல் வீட்டில் ஆட்டுக்கறியும் சோறும் மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு அவனுடைய பைக்கில் குற்றாலம் புறப்பட்டோம். மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, நாற்பது நிமிடம் ஆனது. கேரளப் பதிவெண் கார்கள், சுற்றுலா வேன்கள், மேலே சாக்குமூட்டையும் அடுப்புமாக லாரிகள், ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகில். அது சாக்-எ-பிளாக். ரம்புட்டான், மங்குஸ்தான் கடையின் தகரக் கூரையில் குரங்குகள் மொய்த்துக்கொண்டிருந்தன. அது ஸ்வார்மிங். ஒரு சொல் ஒரு பொருளில் சரியாகப் போய் உட்காரும்போது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

பேரருவி முன்னால் எல்லாம் நின்றுபோனது. இருநூறு அடி பாறையில் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது தண்ணீர். அதன் சத்தத்தில் ஷாகுல் பேசுவது வாயசைவாகத்தான் தெரிந்தது. ஒரு பக்கம் ஆண்கள், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள். எண்ணெய் வழியும் முதுகுகளாக வரிசை நகர்ந்தது. அருவிக்கடியில் ஓர் ஆளுக்கும் இடமில்லை. ஆனால் போனவருக்கெல்லாம் இடம் கிடைத்தது. நான் தயங்கி நின்றபோது உள்ளேயிருந்து முகம் தெரியாத ஒரு கை நீண்டு, "வாங்க அண்ணாச்சி, பயப்படாதிய" என்ற கூப்பாட்டோடு என்னைச் சட்டையோடு இழுத்துக்கொண்டது. தலையில் தண்ணீர் விழுந்ததும் பதினோரு சொல்லும் போய்விட்டன. என் பெயரே ஒரு நிமிடம் ஞாபகமில்லை. யாரென்றே தெரியாதவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தேன்.

4.20. விசில் சத்தம். பாறையின் மேலே சிமென்டில் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள், இங்கே எல்லாரும் ஆர்ச் என்பார்கள். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. காவலர்கள் விசில் ஊதினார்கள். "ஆர்ச்சுக்கு மேல வந்துட்டு, வெளிய வாங்க, வெளிய வாங்க!" உள்ளே இருந்தவர்களே பக்கத்தில் இருந்தவர்களின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் அருவிக்கடியில் ஒருவரும் இல்லை.

கூட்டம் முழுவதும் சாலைக்கு வந்துவிட்டது. ஷாகுல் ஒரு பக்கம் தள்ளப்பட்டான், நான் ஒரு பக்கம். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நனைந்த சுடிதாரோடு நடுங்கிக்கொண்டு, போவோர் வருவோரையெல்லாம் இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் புரியவில்லை. என்னிடம் வந்தபோது தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டாள். கணவர் ஆண்கள் பக்கம் போனாராம். போனும் துணியும் அவரிடமாம். "ஏன் எல்லாரையும் இழுத்தார்கள்? தண்ணீர் யாரை அடித்துக்கொண்டு போய்விட்டது?"

அவள் கண்ணில் இருந்தது எனக்குப் பழக்கமானதுதான். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் தினமும் பார்ப்பது.

பேசினேன். யாரையும் அடித்துக்கொண்டு போகவில்லை. அதோ மேலே பார், அந்த வளைவுக்கு மேல் தண்ணீர் வருகிறது, அதனால்தான் நிறுத்தினார்கள், அடிக்கடி நடப்பதுதான். ஆண்கள் அந்தப் படி வழியாகத்தான் வர வேண்டும், நாம் இங்கேயே நிற்போம். நீ நகர்ந்தால் அவர் உன்னைத் தேடுவார். எல்லாம் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக. என் துண்டைப் பிழிந்து கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டேன். இமாச்சலத்தில் மலைக் கிராமமாம், கணவர் இந்தப் பக்கத்து ராயகிரிக்காரர், ராணுவம். கல்யாணமாகி முதல்முறை மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அதற்குள் கூட்டம் கலையாமல் அப்படியே அருவியைப் பார்த்து நின்றுவிட்டது. தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் குதித்து, வெறும் பாறையில் விழுந்து புகையாக எழுந்தது. சற்று முன் கூச்சலிட்டவர்கள் அத்தனை பேரும் ஈரம் சொட்ட வாயடைத்து நின்றார்கள். நிறைந்திருந்தது தண்ணீர் ஒன்றுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் ஊரில் நிறைந்து நிற்பது குடங்களின் வரிசை, குடத்துக்குள் தண்ணீர் அல்ல. இவ்வளவு தண்ணீரை யாரும் கேட்காமலே யாரோ கொட்டுகிறார்களே என்று கை தானாகக் குவிந்தது. பக்கத்தில் அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கம் நின்றிருந்தது.

"ஏட்டி! இங்கனயா நிக்க?" ஓடி வந்தவர் தமிழில் தொடங்கி, அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நினைவு வந்து இந்திக்குத் தாவினார். அவள் அழுதுகொண்டே அவர் மார்பில் இரண்டு குத்து விட்டாள். அவள் சொன்னதைக் கேட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "எல்லையில நிக்கும்போதுகூட நான் இப்படி ஓடுனதில்ல அண்ணாச்சி. ரொம்ப நல்லா இருப்பிய."

ஞாயிறு காலை, தென்காசி பஸ் நிலையம். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்த ஷாகுல், "லே, பட்டியல் எங்க?" என்றான். சட்டைப் பையில் நீல மையும் காகிதக் கூழும்தான் இருந்தன.

திங்கள் காலை, மதுரை. அதே தேர்வாளர் அம்மா. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கேள்வி அட்டையைத் திருப்பினேன். நீங்கள் போன ஓர் அமைதியான இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இருந்தது. கூட்டம் பார்க்க 160 கிலோமீட்டர் போனவனுக்கு வந்த கேள்வியைப் பாருங்கள்! சிரிப்பு வந்தது. பிறகு, ஈரம் சொட்டச் சொட்டப் பேசாமல் நின்ற ஆயிரம் பேரும், ஆள் இல்லாத பாறையும், அதில் விழுந்த தண்ணீரும் வந்தன. என் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற அந்தப் பெண் வந்தாள். அவளிடம் சொன்ன மாதிரியே, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன்.

இரண்டு நிமிடம் ஆனதும் போதும் என்று தேர்வாளர் சொல்ல வேண்டும். கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஆகியிருந்தது. பேனா அவர் கையில்தான் இருந்தது. "அப்புறம் அந்தப் பெண்ணின் கணவர் வந்துவிட்டாரா?" என்று கேட்டார்.