எழுதி வைத்த தவறு

ஆறு வயதிலிருந்து தாளைப் பார்த்தே வயோலா வாசித்து வளர்ந்தவள் லீனக்கே. ‘இங்கே மூச்சு விடவும்’ என்று எழுதியிருந்தால்தான் மூச்சே விடுவாள். அவள் போய் ராட்டர்டாம் இசைக் கல்லூரியில் மனோதர்மம் படிக்கச் சேர்ந்தாள். ஜாஸ், துருக்கி, இந்தியா என எந்த ஊர் இசையானாலும் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். அவளுக்குத் தோன்றியதெல்லாம் பயம்தான்.

போன வருடத் தேர்வில் மூன்றாம் நிமிடமே வில் நின்றுவிட்டது. இந்த முறையும் தோற்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆகவே ஒரு திருட்டு வேலை செய்தாள். தேர்வில் வாசிக்க வேண்டிய ஏழு நிமிடத்தையும் முன்பே எழுதி, உருப்போட்டாள். இயல்பாக இருக்கட்டும் என்று நடுவே இரண்டு பிசகுகளையும் சேர்த்து எழுதினாள்.

கூட டஃப் மேளம் வாசிக்கும் யோரிட் மூன்றாம் ஒத்திகையில் பிடித்துவிட்டான்.

“ஏய், நேத்தும் இதே எடத்துலதான வழுக்குன? தப்பக்கூடவா பிராக்டீஸ் பண்ணுவ?”

“கத்தாதடா. செவ்குல் டீச்சர் காதுல விழுந்தா நான் செத்தேன்.”

“பேசாம ரெக்கார்ட் பண்ணிப் போட்டு விட்டுரு. நாம உருளக்கிழங்கு வறுவல் திங்கப் போலாம்.”

தேர்வன்று இருவரும் அறைக்குள் போய் நின்றார்கள். துருக்கி இசை ஆசிரியை செவ்குல் பேனாவை மூடிவைத்து, கண்களையும் மூடிக்கொண்டார். திறந்திருந்தாலே தேவலை என்றிருந்தது.

யோரிட் பத்தடித் தாளம் தொடங்க வேண்டும். தொடங்கியது ஒன்பதில். அவளுடைய மனப்பாடம் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி துருத்திக்கொண்டு நின்றது. விளையாடுகிறானா? கொலைவெறியோடு திரும்பினாள்.

அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. விரல்கள் நடுங்கின. தவறியது தெரிந்தும் திரும்ப வழி தெரியாமல் அவளையே பார்த்தான்.

உருப்போட்டதை அவள் விட்டாள். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக அவன் அடிப்பதைக் கேட்டாள். அவன் அடி விழும் இடத்தில் வில்லை வைத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். அடுத்த சுரம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. பயம் போகவில்லை, பாதி அவனுக்காக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

செவ்குல் கண்ணைத் திறந்தார். “மொத அர நிமிஷம் இஸ்திரி போட்ட சட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் என்னம்மா ஆச்சு?”

“தெரியல.”

“ம். பாஸ். அடுத்த ஆள அனுப்பு.”

இருவரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள்.

“என்ன வாசிச்சன்னு ஞாபகம் இருக்கா?”

“ஒரு மண்ணும் இல்லடா.”

“அப்பாடா. எங்க எழுதி வச்சிருவியோன்னு பயந்துட்டேன்.”

அவன் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தன் கையுறையைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டாள். குளிர்தான் காரணம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.