கோப்புக்குள் ஒரு வட்டை

தன்னாமுனை கிருஷாந்தி மீன் வாங்கும்போது செவுளை இரண்டு தரம் கிளப்பிப் பார்ப்பவள். கணினி படித்த அவளை மீனவர் சங்கம் கூப்பிட்டதும் அதனால்தான். வாவியின் நீர்மட்டத்தை ஒரு கருவி அளக்கும். அது சொல்வதை வைத்துத்தான் வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணலை வெட்டுகிறார்கள். நேரத்தோடு வெட்டினால் வயல் வெள்ளத்துக்குத் தப்பும், ஆனால் மீனவருடைய இறால் கடலுக்குப் போய்விடும். இம்முறை கம்பு நட்டு அளந்ததைவிடக் கருவி ஒரு சாண் கூடுதலாகக் காட்டியது.

கருவி விற்ற கம்பனி, "எல்லாம் வெளிநாட்டில எழுதினது" என்று சொல்லி, கணினிக்கு மட்டும் விளங்கும் கோப்பை அனுப்பியது. அவள் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தாள். கோப்புக்குள் இருந்த பெயர்கள் வரிசையாக விழுந்தன. எல்லாம் ஆங்கிலச் சொற்கள். ஒன்று மட்டும் ஆங்கில எழுத்தில் 'வட்டை'. வயல்வெளியை அப்படிச் சொல்கிற வெளிநாட்டுக்காரன் எவன்? அந்தப் பகுதியைப் பிரித்துப் பார்த்தாள். அளவோடு இருபது சென்ரிமீற்றரைக் கூட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை.

அவளுடைய புருஷன் சுகந்தன் போன வருசம் அந்தக் கம்பனியில் ஆறு மாதம் இருந்தவன். திரைக்கு நிறம் போடுகிற வேலை மட்டும்தான் என்று சொல்லியிருந்தான்.

அவன் வயலிலிருந்து வந்து கால் கழுவினான்.

"இந்த முறை வட்டையில தண்ணி நிக்கல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. நேரத்தோட வெட்டிட்டானுகள்."

சங்கத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். யாருடைய வட்டைக்காக என்று எழுதவேண்டிய இடத்தில் கை நின்றது. சுகந்தன் விதைக்கிற வட்டை அவளுடைய சீதனக் காணி. காணி உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது.