வாய்க்கால் கரையும் ஆறு ஹெச்.பி.யும்

"அக்காவுக்கு சின்ன வண்டியே போதும்ணே" என்று டிராக்டர் விற்பவன் என் வீட்டுக்காரரிடம் சொன்னான். கழனி என் பேரில் இருக்கிறது. ஓட்டப்போவதும் நான். அவருக்கு முதுகு வலி, டிராக்டரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அந்த ஒரு பேச்சுக்காகவே பெரியதை வாங்குவதென்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

எங்கள் கழனி உத்திரமேரூர் ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேலே இருப்பவர்கள் முதலில் சேறு உழுது நட்டுவிடுவார்கள். நட்ட கழனி வழியாக டிராக்டரை யாரும் விடமாட்டார்கள். நானாக இருந்தாலும் விடமாட்டேன். மிச்சம் இருக்கும் ஒரே வழி வாய்க்கால் கரை. போன நடவுப் பட்டத்தில் வாடகை டிராக்டர்காரன் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்து, வந்து நின்றபோது சுற்றிலும் பச்சை. அவனுடைய பெரிய வண்டி கரையில் ஏறாது. மண்வெட்டியால் கொத்திக் கொத்திப் பாதியைத்தான் நட முடிந்தது. மீதி தரிசு. இனி எவன் வாசலிலும் நிற்கக் கூடாது என்றுதான் சொந்த வண்டிக்கே கிளம்பினோம்.

கடையில் இரண்டு மினி டிராக்டர்கள். ஒன்று இருபத்திரண்டு ஹெச்.பி., இன்னொன்று இருபத்தெட்டு. கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பெரியதில் ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே வண்டி துள்ளியது. எனக்குப் பிடித்துவிட்டது. கரையின் அகலத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தோம். பெரிய வண்டியின் டயர்களுக்குக் குறுக்கே பிடித்தால் ஒரு சாண் கயிறு மிச்சம்.

"பாத்தியா?" என்றேன். அவர் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, முன்பணம் கட்டக் கிளம்பும்போது வீட்டுக்காரரைக் காணோம். மேல் கழனிக்காரருடைய வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதில் சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம், கேஜ் வீல், டயருக்கு வெளியே மாட்டியிருந்தது. அதன்மேல் என் கயிற்றை வைத்துக் காட்டினார்.

"இன்னாமே, ரப்பர் டயரோட சேத்துல எறங்கப் போறியா? இது ரெண்டு பக்கமும் மாட்டினா உன் பெரிய வண்டி கரையில எங்க நிக்கும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேல் இல்லை, ஆனால் அவரைத்தான் திட்டினேன். பிறகு விற்பவனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"கழனிக்குப் போயி மாட்டிக்கலாம்கா" என்றான்.

"ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் சேறு. நீ வந்து வாய்க்கால்ல ஜாக்கி வெப்பியாடா?"

கடைக்குப் போய் சின்ன வண்டியில் கேஜ் வீலை மாட்டச் சொல்லி, கயிறு பிடித்துப் பார்த்தேன். நாலு விரல் மிச்சம். வாங்கிவிட்டேன்.

இந்தப் பட்டம் சுற்றிலும் நட்டு முடிந்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் வந்தது. கரைமேலேயே போய் கழனியில் இறங்கினேன். பள்ளமான மூலையில் பின்னால் மாட்டிய சேறு கிண்டும் ரொட்டவேட்டர் ஆழமாகக் கடித்ததும் இஞ்சின் முனகி, கருப்பாகப் புகை விட்டது. கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அதே இடத்தை இரண்டு தடவை சுற்ற வேண்டியிருந்தது. இருபத்தெட்டு ஹெச்.பி. ஒரே சுற்றில் முடித்திருக்கும். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

மேல் கழனிக்காரர் வரப்பில் நின்று கத்தினார்: "இன்னாம்மா, பொம்ம வண்டி மூச்சு வாங்குது?"

"வாங்கட்டும். உன் நாத்துல ஒண்ணையாவது மிதிச்சுதா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த ஆறு ஹெச்.பி. இருந்திருந்தால் எனக்கு அரை நாள் மிச்சம். ஆனால் அந்த அரை நாளும் கரையில் ஏற முடியாமல் வண்டியோடு அந்தப் பக்கமே நின்றிருப்பேன். இப்போது போன பட்டத்துத் தரிசிலும் நாற்று நிற்கிறது. வேலை முடிந்ததும் கரையில் உட்கார்ந்து அதைத்தான் பார்க்கிறேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து இடம் விடுகிறேன். நீ சொன்னதுதான் சரி என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.